மூன்று பேர், நாற்பத்தெட்டுக் குரல்

நாடா சுழன்ற காலம் – 14

'ரப்பர் புல்லட்ஸ்' 1973 ஜூனில் பிரிட்டிஷ் பட்டியலின் முதலிடத்துக்கு ஏறியதோடு சென்ற இதழில் நிறுத்தியிருந்தேன். சிறைக்குள் நடக்கும் கலாட்டாவை வைத்துக் கட்டிய கேலிப்பாட்டு அது. அதைப் பாடிய 'டென் சிசி' குழுவைப் பற்றி அன்றைக்கு எல்லோரும் ஒரே மாதிரிதான் நினைத்தார்கள். கெட்டிக்காரப் பையன்கள், எதையும் கிண்டலடிப்பார்கள், ஆனால் நெஞ்சைப் பிசைகிற மாதிரி ஒரு பாட்டு இவர்களிடம் வராது. 1975 மே மாதம் ஓர் இசைத்தட்டு வந்து அந்த நினைப்பை மாற்றிவிட்டது. 'ஐ'ம் நாட் இன் லவ்'. எனக்குக் காதலும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை என்று தலைப்பிலேயே சத்தியம் பண்ணும் பாட்டு. காதல் பாட்டுத் தொகுப்பு என்று யார் எதைப் போட்டாலும் அதில் இது வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஐம்பது வருடமாக இந்தக் கூத்து நடக்கிறது.

பாட்டுக்குப் போகுமுன் ஊரைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். மான்செஸ்டருக்குத் தெற்கே ஒட்டிக்கிடக்கும் ஊர் ஸ்டாக்போர்ட். ஒரு காலத்தில் தொப்பிக்குப் பேர்போனது. இன்றைக்கும் ஊர்க் கால்பந்து அணிக்குத் 'தொப்பிக்காரர்கள்' என்றுதான் பட்டப்பெயர். லண்டனிலிருந்து மான்செஸ்டருக்கு ரயிலில் போகிறவர்கள் ஊரின் தலைக்குமேல் 27 வளைவுகள் கொண்ட செங்கல் பாலத்தின் மீது போவார்கள். 1840இல் கட்டியது, 1 கோடியே 10 லட்சம் செங்கல் தின்ற பாலம். பெரும்பாலோர் எட்டிப் பார்த்துவிட்டுக் கடந்துபோகிற ஊர். அந்த ஊரில் வாட்டர்லூ சாலை, மூன்றாம் எண் கட்டடத்தில்தான் ஸ்ட்ராபெரி ஸ்டூடியோ இருந்தது. பீட்டர் டாட்டர்சால் தொடங்கிய சின்னப் பதிவுக்கூடம். டென் சிசியின் எரிக் ஸ்டூவர்ட் அதில் பணம் போட்டுப் பங்காளியானார். பீட்டில்ஸின் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' மேல் அவருக்கிருந்த மோகம் கூடத்துக்குப் பெயரானது. வடக்கத்திக் குழு எதுவானாலும் நல்ல பதிவுக்கு லண்டனுக்கு மூட்டை கட்ட வேண்டும் என்றிருந்த காலத்தில், ஊரிலேயே ஒரு கூடம் என்பது சாதாரணச் சங்கதி இல்லை. அதைவிடப் பெரிய சங்கதி, கூடம் தங்களுடையது என்பதால் டென் சிசிக்கு மணிக்கணக்குப் பார்த்து வாடகை கொடுக்க வேண்டியதில்லை. பின்னால் வரப்போகும் மூன்று வாரக் கதைக்கு இது தேவைப்படும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குழுவில் நான்கு பேர். எரிக் ஸ்டூவர்ட், கிரஹாம் கோல்ட்மேன், கெவின் கோட்லி, லோல் கிரீம். ஏட்டில் நால்வர், நடப்பில் இரண்டு இணை. ஸ்டூவர்ட்டும் கோல்ட்மேனும் மெட்டுக்காரர்கள். ஹாலீஸ் பாடிய 'பஸ் ஸ்டாப்', யார்ட்பேர்ட்ஸ் பாடிய 'ஃபார் யுவர் லவ்' இரண்டும் கோல்ட்மேன் எழுதியவை என்று முன்பே சொல்லியிருக்கிறேன். கோட்லியும் கிரீமும் ஓவியக் கல்லூரியில் படித்தவர்கள். பாட்டைப் படமாகப் பார்க்கிறவர்கள், ஒழுங்காகப் போகிற மெட்டைக் கண்டால் ஒடித்துப் பார்க்கத் துடிப்பவர்கள். இந்த இரண்டு தரப்பும் உரசிக்கொண்டதில் பிறந்ததுதான் நம் பாட்டு.

விதை போட்டவர் ஸ்டூவர்ட்டின் மனைவி. கல்யாணமாகி எட்டு வருடம். "உன்னைக் காதலிக்கிறேன்னு நீ ஏன் அடிக்கடி சொல்றதே இல்லை?" என்கிற பொருளில் அவர் ஒருநாள் கேட்டுவிட்டார். வாய்க்கு வாய் சொன்னால் அந்த வார்த்தைக்கு என்ன மதிப்பு இருக்கும், தேய்ந்துபோகாதா என்பது கணவரின் கட்சி. நம்மூரில் இப்படிக் கேட்டிருந்தால் கணவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டிருப்பார். ஸ்டூவர்ட் பாட்டெழுதுகிறவர். அந்த வார்த்தையைச் சொல்லாமலே சொல்ல என்ன வழி என்று யோசித்தார். மறுப்பதுதான் வழி என்று பட்டது.

பாட்டில் பேசுகிறவன் தனக்குக் காதல் இல்லை என்பதற்குச் சாட்சியம் அடுக்குகிறான். போன் பண்ணினேன் என்பதற்காகத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்கிறான். நமக்குள் இருப்பதைச் சிநேகிதிகளிடம் சொல்லித் தொலைக்காதே என்கிறான். உன் படம் சுவரில் தொங்குகிறதா, அது சுவரில் ஒரு கறை இருக்கிறது, அதை மறைக்க மாட்டியது என்கிறான். இந்தக் கறைதான் பாட்டின் உயிர் என்பேன். எத்தனையோ கறை மறைக்க எத்தனையோ காலண்டர் இருக்க, அவள் படம்தான் கிடைத்ததா? அவன் கொண்டுவரும் சாட்சி ஒவ்வொன்றும் அவனுக்கே எதிராகத் திரும்புகிறது. கேட்கிற நமக்குத் தெரிகிறது, அவளுக்கும் தெரிந்திருக்கும், அவனுக்கு மட்டும் இன்னும் தெரியவில்லை.

இதைப் புரிந்துகொள்ள நமக்கு அகராதி வேண்டியதில்லை. குறிப்பறிதல் என்று காமத்துப்பாலில் ஓர் அதிகாரமே இருக்கிறது. முன்பின் அறியாதவர்களைப் போலப் பொதுவாகப் பார்த்து வைப்பது காதலர்களிடம் மட்டுமே காணக்கூடிய குணம் என்று அதில் வள்ளுவர் கண்டு சொல்கிறார். ஸ்டாக்போர்ட் ஆசாமி குறளைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அவன் பார்க்கும் பார்வை அதேதான்.

கோல்ட்மேனுடன் உட்கார்ந்து மெட்டை முடித்தார் ஸ்டூவர்ட். முதலில் அது போசா நோவா தாளத்தில் இருந்தது. பிரேசில் நாட்டு மெல்லிய ஆட்டத் தாளம், கிதாரும் டிரம்ஸும் வைத்து வழக்கமான கட்டுமானம். பதிவு செய்து போட்டுக் கேட்டார்கள். கோட்லிக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை, அதை மறைக்கவும் இல்லை. கிரீமும் அதே பக்கம். சரி, வேண்டாம் என்று தூக்கிப் போட்டார்கள். தூக்கிப் போட்டது மட்டுமல்ல, நாடாவையே அழித்துவிட்டார்கள். இன்றைக்கு அந்தப் போசா நோவா வடிவம் எப்படி இருந்தது என்று யாரும் கேட்க முடியாது.

நியாயமாகப் பாட்டு அங்கேயே செத்திருக்க வேண்டும். பிழைக்க வைத்தது ஸ்டூடியோ ஊழியர்களின் வாய். பாட்டைக் கைவிட்ட பிறகும் கூடத்தில் வேலை பார்த்தவர்கள் அந்த மெட்டை முணுமுணுத்துக்கொண்டே திரிந்ததை ஸ்டூவர்ட் கவனித்தார். இசை விமர்சகன், கம்பெனி மேலாளர், வானொலிக்காரன் எல்லோருக்கும் முன்னால் தீர்ப்பு சொன்னவர்கள் அவர்கள். மறுபடியும் பேச்சை எடுத்தார். அப்போதும் கோட்லி மசியவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்: செய்வதென்றால் வாத்தியங்களை விட்டுவிடுவோம், குரல்களை மட்டுமே வைத்துச் செய்வோம், யாரும் கேட்டிராத ஒரு குரல் சுவர் எழுப்புவோம். பாட்டைப் பிடிக்காதவர் சொன்ன யோசனைதான் பாட்டைக் காப்பாற்றியது என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

நல்ல யோசனை. ஆனால் அத்தனை குரலுக்கு எங்கே போவது? சர்ச் பாடகர் குழுவைக் கூப்பிட்டால் செலவு, அதோடு அவர்கள் மூச்சு விட்டுத்தானே ஆக வேண்டும். மெலோட்ரான் என்று ஒரு வாத்தியம் அன்றைக்கு உண்டு. கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு நாடாத் துண்டு ஓடி, முன்பே பதிவு செய்த புல்லாங்குழலோ குரலோ ஒலிக்கும். 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்' தொடங்கும்போது கேட்கிற குழல் அதுதான். அதற்கு ஒரு குறை: சுமார் எட்டு விநாடியில் நாடா தீர்ந்துவிடும், கையை எடுத்து மறுபடி அழுத்த வேண்டும். இவர்களுக்கு வேண்டியதோ முடிவே இல்லாமல் நீள்கிற குரல்.

அப்போது வாய் திறந்தவர் லோல் கிரீம். நாடாவை வளையமாக ஒட்டிச் சுழல விட்டால் என்ன?

புதிய கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது. 1966இல் பீட்டில்ஸ் 'டுமாரோ நெவர் நோஸ்' பாட்டுக்கு இப்படி வளையங்களைச் சுழல விட்டதையும், ஏபி ரோடு ஸ்டூடியோ ஊழியர்கள் பென்சிலால் நாடாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றதையும் ஐந்தாம் அத்தியாயத்தில் பார்த்தோம். ஆனால் அங்கே வளையங்கள் விசித்திர ஓசைக்கு. இங்கே அதை வைத்து ஒரு முழு வாத்தியமே செய்யப் பார்த்தார்கள்.

வேலை எப்படி நடந்தது என்று கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். கோல்ட்மேன், கோட்லி, கிரீம் மூவரும் ஒரு மைக்கைச் சுற்றி நின்று ஒரே சுரத்தில் 'ஆ' என்று பாடுவார்கள். ஸ்டூவர்ட் கட்டுப்பாட்டு அறையில். அவர்களிடம் இருந்தது 16 தடப் பதிவுக் கருவி, அதாவது ஒரே நாடாவில் ஒன்றை ஒன்று தொடாமல் 16 தனிப் பதிவுகள் செய்யலாம். ஒரே சுரத்தை 16 தடவை பாட வேண்டும். மூன்று பேர், 16 தடவை, ஆக ஒரு சுரத்துக்கு 48 குரல். பிறகு அடுத்த சுரம், மறுபடி 16 தடவை. நம் சங்கீதத்தில் சுரஸ்தானங்கள் பன்னிரண்டு, அவர்களுக்கும் அரைச் சுரங்களைச் சேர்த்துப் பன்னிரண்டு. பன்னிரண்டையும் பாடி முடித்தபோது மொத்தக் குரல் ஐந்நூறைத் தாண்டிவிட்டது. இதற்குப் பிடித்தது மூன்று வாரம். மூன்று வாரம் தினமும் வந்து 'ஆ' என்று மட்டும் பாடுவதை நினைத்துப் பாருங்கள். அதிலும் ஒருவருக்கு அந்தப் பாட்டே பிடிக்கவில்லை.

ஒவ்வொரு சுரத்தின் 48 குரலையும் ஒன்றாகக் கலந்து ஒரு நாடாவில் இறக்கினார்கள். அந்த நாடாவை வெட்டி, நுனியோடு நுனி ஒட்டிச் சுமார் 12 அடி நீள வளையமாக்கினார்கள். இந்த நீளத்துக்குப் பதிவுக் கருவியில் இடம் ஏது? ஒரு முனை கருவியின் தலைப்பகுதி வழியாக ஓடும், மறுமுனை எட்டத்தில் நிறுத்திய மைக் ஸ்டாண்டின் உச்சியில் பொருத்திய உருளையைச் சுற்றி வரும், நாடா தொய்யாமல் விறைப்பாக நிற்க வேண்டும். ஏன் இவ்வளவு நீளம் என்றால், ஒட்டிய இடம் கடக்கும்போது 'டுப்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். வளையம் குட்டையாக இருந்தால் அது நொடிக்கொரு தரம் வந்து மானத்தை வாங்கும். நீளமாக இருந்தால் எப்போதாவது வரும், அதுவும் ஒரு சுரத்தின் ஒட்டும் மற்றதன் ஒட்டும் ஒரே நேரத்தில் வராதபடி பார்த்துக்கொண்டால் மற்றக் குரல்களுக்கு அடியில் அமுங்கிவிடும்.

இப்படிச் சேகரித்த பன்னிரண்டு சுரமும் மிக்ஸர் மேஜையில் ஆளுக்கொரு வழியாக வந்து சேர்ந்தன. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை மேலே தள்ளினால் அந்தச் சுரம் எழும், கீழே இழுத்தால் அடங்கும். மூன்று நான்கு ஃபேடர்களைச் சேர்த்து உயர்த்தினால் ஒரு ஸ்வரக்கூட்டு. மிக்ஸர் மேஜையே ஆர்மோனியம் ஆகிவிட்டது, கட்டைக்கு 48 குரல் வீதம். நால்வரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு அந்த மேஜைமுன் நின்று, ஆளுக்குச் சில ஃபேடர்களைப் பொறுப்பெடுத்துக்கொண்டு, ஏற்றியும் இறக்கியும் 'வாசித்தார்கள்'.

அங்கே ஸ்டூவர்ட் ஒரு வேலை செய்தார். ஃபேடர்கள் ஓடும் பள்ளத்தின் அடியில் குறுக்காக ஓர் ஒட்டுநாடாவை ஒட்டிவிட்டார். எவ்வளவு இழுத்தாலும் ஃபேடர் முழுதாகக் கீழே போகாது. அதனால் எந்தச் சுரமும் முற்றாக ஓயாது. பாட்டு முழுக்கப் பன்னிரண்டு சுரமும் அடியில் மெல்லிசாகக் கசிந்துகொண்டே இருக்கும். நம் காதுக்கு உடனே தம்பூரா நினைவுக்கு வரும், ஆனால் தம்பூரா ஆதார சுருதியைச் சுற்றியே ஒலிக்கும். பன்னிரண்டையும் ஒன்றாக ஒலிக்க விட்டால் அபசுரமாக அல்லவா இருக்க வேண்டும்? சத்தமாக விட்டால் அப்படித்தான் இருக்கும். இங்கே அது மூடுபனி அளவுக்கே இருக்கிறது. ஹெட்போன் வைத்துக் கேட்டால் அந்தப் பனி தெரியும்.

இந்தப் பாட்டு கிழடு தட்டாததற்கு நான் சொல்லும் காரணம் அந்த ஒட்டுநாடாதான். முன்னால் ஒருவன் இல்லை இல்லை என்று பாடுகிறான், பின்னால் நூற்றுக்கணக்கான குரல் ஓயாமல் 'ஆ' என்று உருகுகிறது. அவன் வாயை மூடினாலும் அவை மூடுவதில்லை. சொல் பொய் சொல்லும்போது ஒலி அதைக் காட்டிக்கொடுக்கிறது. போசா நோவாவில் இது நடந்திருக்காது. கிதார் வைத்து வாசித்திருந்தால் சாமர்த்தியமான ஒரு வார்த்தை விளையாட்டு, அவ்வளவுதான். டென் சிசி அந்த மாதிரி நிறையச் செய்திருக்கிறார்கள், பாதி இன்று யாருக்கும் நினைவில்லை.

வாத்தியங்களை முழுதாக விட்டுவிடவில்லை, ஆனால் கொஞ்சமே. ஸ்டூவர்ட் ஃபெண்டர் ரோட்ஸ் மின்பியானோ வாசித்துக்கொண்டே பாடினார். கோல்ட்மேன் கிதார். டிரம்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் கோட்லி மோக் சிந்தசைஸரில் அமைத்த ஒரு மெல்லிய துடிப்பு. நெஞ்சில் காது வைத்துக் கேட்பது மாதிரி இருக்கும். நடுவே கோல்ட்மேனின் பேஸ் கிதார் கொஞ்ச நேரம் தனியாகப் பேசும். கடைசியில் குழந்தைகள் விளையாடும் இசைப்பெட்டி ஒன்று கிணுகிணுக்கும்.

அந்த நடுப்பகுதிக்கு ஏதோ குறைகிறது என்று தோன்றியது. கிரீம் பதிவின்போது மைக்கில், ஆம்பளைப் பிள்ளை அழக்கூடாது என்கிற தினுசில் ஏதோ சொல்லியிருந்தார். அதை யார் சொன்னால் பொருந்தும் என்று பேசிக்கொண்டிருந்தபோது கதவு மெல்லத் திறந்தது. வரவேற்பில் வேலை பார்த்த பெண், எரிக்குக்கு போன் வந்திருப்பதாகக் கிசுகிசுத்தார். பதிவு நடக்கும் இடம் என்பதால் அப்படித்தான் பேசுவார். இந்தக் குரல்தான் என்று துள்ளிக் குதித்தார் கிரீம். அந்தப் பெண்ணுக்கோ கூச்சம், பாடகி இல்லையே என்று தயங்கினார். பாட வேண்டாம், இப்போது பேசினாயே, அப்படிப் பேசினால் போதும் என்று மைக்முன் நிறுத்தினார்கள். பாட்டின் நடுவே திரும்பத் திரும்ப வரும் அந்தக் கிசுகிசுப்பு அவருடையது. அழுகையை அடக்கச் சொல்லும் ஒரு வரி, ஒரே வரி. நூற்றுக்கணக்கான குரல்களைக் கேட்டு வந்த காதுக்குத் தனியாக ஒற்றைக் குரல் கேட்கும்போது உடம்பு சிலிர்க்கும். அது காதலியா, அம்மாவா, அவன் மனசா என்று பாட்டு சொல்வதில்லை. சிலர் அந்த இடம் மிகை என்பார்கள். நான் அந்தக் கட்சியில் இல்லை.

விளக்குகளை அணைத்துவிட்டு முழுப்பாட்டையும் போட்டுக் கேட்டார்களாம். அன்றைக்கு அழித்த பாட்டா இது என்றிருந்திருக்கும்.

வியாபாரக் கதையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். அதுவரை ஜானதன் கிங்கின் யூகே ரெக்கார்ட்ஸில் இருந்த குழு, போனோகிராமுக்கு மாறிய சமயம். பத்து லட்சம் டாலர் ஒப்பந்தம். இந்தப் பாட்டைக் கேட்ட பிறகுதான் கம்பெனிக்காரர்கள் அசந்துபோய்க் கையெழுத்திட்டார்கள் என்று ஸ்டூவர்ட் பிற்பாடு சொல்லியிருக்கிறார். அப்படியிருந்தும் 'தி ஒரிஜினல் சவுண்ட்டிராக்' ஆல்பத்திலிருந்து முதலில் தனித்தட்டாக விட்டது இதை அல்ல, 'லைஃப் இஸ் எ மினஸ்ட்ரோனி' என்ற பாட்டை. ஆறு நிமிடம் ஓடும் பாட்டை வானொலியில் யார் போடுவார்கள் என்ற பயம். மூன்று, மூன்றரை நிமிடம் என்பது அன்றைய எழுதாத சட்டம்.

1975இல் பிரிட்டனின் நிலைமையும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. அந்த ஆகஸ்டில் விலைவாசி முந்தைய ஆண்டைவிட 27 சதவீதம் அளவுக்கு ஏறியிருந்தது. ஐரோப்பியச் சந்தையில் இருப்பதா விலகுவதா என்று ஜூன் 5ஆம் தேதி நாடே வாக்களித்தது. தொலைக்காட்சி நகைச்சுவை நடிகர்கள் இருவர் பாடிய பழைய பாட்டு மூன்று வாரம் முதலிடத்தில் இருந்த ஜூன் அது. அதை இறக்கிவிட்டு ஜூன் 28 அன்று 'ஐ'ம் நாட் இன் லவ்' முதலிடம் ஏறியது. இரண்டு வாரம் இருந்தது. அமெரிக்காவில் கதை இன்னும் சுவையானது. மூன்று வாரம் இரண்டாம் இடம், ஒவ்வொரு வாரமும் முதலிடத்தில் வேறு வேறு பாட்டு. வான் மெக்காயின் 'தி ஹசில்', ஈகிள்ஸின் 'ஒன் ஆஃப் தீஸ் நைட்ஸ்', பீ ஜீஸின் 'ஜைவ் டாக்கிங்'. டிஸ்கோ வாசலில் வந்து நின்ற கோடை அது; டிரம்ஸே இல்லாத ஒரு பாட்டு அதற்கு நடுவில் மூன்று வாரம் நின்றதே பெரிது. மறு ஆண்டு மூன்று ஐவர் நொவெல்லோ விருதுகள் வந்தன.

பிற்பாடு நிறையப் பேர் இதைப் பாடினார்கள். 1990இல் 'வில் டு பவர்' பாடியது அமெரிக்காவில் முதல் பத்துக்குள் வந்தது. 1993இல் 'பிரிட்டெண்டர்ஸ்' ஒரு திரைப்படத்துக்காகப் பாடினார்கள், அந்தக் குழுவின் பாடகி கிறிஸ்ஸி ஹைண்டின் குரலில் வேறு ஒரு கசப்பு உண்டு. ஆனால் யாரிடமும் அந்த மூடுபனி இல்லை. கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானைத் தட்டினால் ஆயிரம் குரல் வரும் காலத்திலும் அது கிடைப்பதில்லை. மூன்று மனிதர்கள் ஒரே சுரத்தை 16 தடவை பாடும்போது ஒரு தடவைகூட அச்சாக அதே இடத்தில் விழாது. மயிரிழை ஏறும், மயிரிழை இறங்கும். அந்தப் பிசகுதான் பனியாகக் கேட்கிறது.

2014இல் 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' படத்தின் முதல் காட்சியில் இது ஒலித்தது. 1988ஆம் வருடம், ஆஸ்பத்திரி நடைபாதை, தாய் சாகக் கிடக்கும் அறைக்கு வெளியே ஒரு சிறுவன் வாக்மேன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். காதில் இந்தப் பாட்டு. காதல் பாட்டை எதற்கு அங்கே வைத்தார்கள் என்று கேட்கிறவர்கள் நடுவில் வரும் கிசுகிசுப்பை மறந்தவர்கள். பாட்டு வந்தபோது பிறந்திராத ஒரு தலைமுறை அந்தப் படத்தின் வழியாக இதைப் பிடித்துக்கொண்டது.

வெற்றி வந்தும் நால்வர் ஒன்றாக நிலைக்கவில்லை. 1976இல் கோட்லியும் கிரீமும் விலகினார்கள். கிதார் தந்திகளைச் சின்னச் சக்கரங்களால் தேய்த்து வயலின் மாதிரி நீள ஒலிக்கச் செய்யும் 'கிஸ்மோ' என்ற கருவி அவர்களைப் பிடித்து ஆட்டியது. முடிவில்லாமல் நீளும் சுரம் என்கிற ஆசை அவர்களை விடவில்லை பாருங்கள். அதற்காக மூன்று தட்டு ஆல்பம் ஒன்று செய்து கையைச் சுட்டுக்கொண்ட கதை அடுத்த இதழில்.

ஸ்ட்ராபெரி ஸ்டூடியோவில் 1979 ஏப்ரலில் ஜாய் டிவிஷன் குழுவினர் தங்கள் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். அந்தப் பாட்டுகளின் தாங்க முடியாத தனிமையும் வந்து தன் குரலை விட்டுப்போனது அதே சுவர்களுக்குள்தான். 1993இல் கூடத்தை மூடிவிட்டார்கள். கட்டடம் வாட்டர்லூ சாலையில் இன்னும் நிற்கிறது, வாசலில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. 2017இல் கூடத்தின் ஐம்பதாண்டை ஒட்டி ஸ்டாக்போர்ட் அருங்காட்சியகம் ஒரு கண்காட்சி வைத்தது. அதற்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர்: 'ஐ ஆம் இன் லவ்'.

(தொடரும்)